அந்துவான் தொங்கவிட்ட இருபது கிலோ

என் அன்பு மச்சானே, பிடிவாதக்கார முசே அந்துவானே,

நீ போய் ஏழு மாசம் ஆகிறது. ஒரு வார்த்தை பேச விடாமல் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோன நாளிலிருந்து நான் அழுததெல்லாம் போதும். இன்றைக்கு அழுவதற்காக எழுதவில்லை. உன் மேல் பழி போடப் பார்த்தார்கள், நான் விடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் பிளாஸ்டிக் பிலிம் ஃபேக்டரியில் நீ கடைசியாகப் பூட்டிய இரண்டு லோடு செல் நினைவிருக்கிறதா? ரோலரின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. ஓடுகிற பிலிம் எவ்வளவு இழுவையில் இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்வது அதுதான். அது குறைத்துச் சொன்னால் மெஷின் கூடுதலாக இழுக்கும். பத்து நாளைக்கு முன்னால் அப்படி இழுத்துத்தான் பிலிம் அறுந்து சுண்டி, ஆபரேட்டர் வேலுவின் கையைக் கிழித்துவிட்டது. எட்டுத் தையல். விரல் அசைகிறது, பயப்படாதே.

மறுநாளே அறிக்கை தயார். ‘காலஞ்சென்ற அந்துவான் லோடு செல்லைத் தவறாகப் பொருத்தி, தவறாக ஒயரிங் செய்ததே காரணம்.’ கீழே, மெயின்டனன்ஸ் பொறுப்பில் இருக்கிற என் கையெழுத்துக்கு இடம். மேனேஜர் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

“போனவருக்கு இதனால என்ன ஆவப்போவுது சூசை? போட்டுடுங்க, எல்லாருக்கும் நிம்மதி.”

எல்லாருக்குமா? என் தங்கச்சி பிலோமி, உன் பெண்டாட்டி, அதே ஃபேக்டரியில் பேக்கிங்கில் நிற்கிறாள். அன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. முதலியார்பேட்டையில் என் வீட்டுக்கு வந்து, திறக்காத டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “அண்ணே, அவரு தப்பா கட்டுனாரா? உண்மையச் சொல்லிடு, நான் தாங்கிக்கிறேன்.”

“நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன். எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது, உன் மேல் அல்ல.

மறுநாள் போய்க் கவரைக் கழற்றினேன். லோடு செல் மேல் நீ வெள்ளை மார்க்கரால் போட்ட அம்புக்குறி, பிலிம் ரோலரை அழுத்தும் திசையைக் காட்டியபடி அப்படியே இருந்தது. சிக்னல் கேபிள் மோட்டார் கேபிளை விட்டுத் தள்ளி, தனிக் குழாயில். சிக்னலைக் காக்கிற ஷீல்டு உறை, பேனல் பக்கம் மட்டும் எர்த்தில். ஒரு ஸ்க்ரூகூட லூஸ் இல்லை. செத்தும் குறை சொல்ல இடம் வைக்கவில்லையே ஐயா நீ!

பிறகு உன் கயிற்றை எடுத்து வந்தேன், தேங்காய்த்திட்டுப் படகுக்காரரிடம் நீ கெஞ்சி வாங்கியது. எந்த லோடு செல்லைப் பூட்டினாலும், பிலிம் ஓடும் பாதையிலேயே அந்தக் கயிற்றை விட்டு, நுனியில் இருபது கிலோ எடைக்கல்லைத் தொங்கவிடுவாய். டிஸ்ப்ளேயில் இருபது வந்தால்தான் கவரை மூடுவாய். “முசே துணி காயப்போடக் கொடி கட்டுறாரு” என்று, பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுவதுபோல, எத்தனை தடவை உன்னைக் கிண்டல் செய்திருப்பேன்! ஒரு தடவையாவது உனக்குக் கோபம் வந்ததா?

மேனேஜரையும் சென்னையிலிருந்து வந்த இன்ஜினியரையும் எதிரே நிற்கவைத்தேன். முதலில் உன் பாதையில், லோடு செல் ரோலருக்கு முன்னால் இருக்கிற மேல் ரோலரைச் சுற்றிக் கயிற்றை விட்டேன். இருபது. அடுத்து, இப்போது பிலிம் ஓடுகிற பாதையில், மேல் ரோலரைத் தொடாமல் விட்டேன். ஒன்பது. கல் அதே கல்தான்.

“பாதைய யாரு மாத்துனது?” என்றார் இன்ஜினியர்.

நான்தான் மச்சான். நீ போன மறுவாரம் மேல் ரோலரின் பேரிங் இறுகிப்போனது. புதுசு வரும்வரை அந்த ரோலரை விட்டுவிட்டு ஓட்டச் சொன்னேன். புதுசு வந்து பெட்டியிலேயே கிடக்கிறது. மெஷின்தான் ஓடுகிறதே என்று இருந்துவிட்டேன். தடித்த பிலிம் இத்தனை நாள் தாங்கியது, மெல்லிய பிலிமை ஏற்றியதும் அறுந்தது. லோடு செல் ரோலரில் பிலிம் வளைகிற வளைவு குறைந்தால் லோடு செல்லும் குறைத்துத்தான் காட்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு மண்டையில் உறைக்கவில்லை.

அங்கேயே எல்லார் முன்னாலும் சொன்னேன். மேனேஜர் என்னை ஓரமாக இழுத்தார்.

“ஏங்க நீங்களா போய் மாட்டிக்கிறீங்க? செத்தவரு வந்து இல்லன்னு சொல்லப்போறாரா?”

“அவரு வரமாட்டாரு சார். அதனாலதான் நான் நிக்கிறேன்.”

அறிக்கையில் உன் பெயரை அடித்து, என் பெயரை எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். இப்போது என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். திரும்பக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ தெரியாது. வேலு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் முகம் கொடுக்கவில்லை, அவன் அம்மாதான் டீ கொடுத்தார்.

பிலோமியும் என்னோடு பேசவில்லை. ஆனால் நேற்று சாப்பாட்டு ஹாலில் நட்டநடுவில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாளாம். என்னோடு பேசாவிட்டால் போகட்டும், அவள் தலைநிமிர்ந்து சாப்பிடட்டும்.

ஒன்று சத்தியம் செய்கிறேன். கூப்பிட்டால், முதல் வேலையாக அந்த பேரிங்கை மாட்டி பிலிமை உன் பாதைக்குத் திருப்புவேன். கயிறு கட்டி இருபதைப் பார்க்காமல் கவரை மூட மாட்டேன். கூப்பிடாவிட்டால் கயிறு என்னோடு வரும். எந்த ஃபேக்டரி வாசலில் போய் நின்றாலும், அந்துவானோடு வேலை பார்த்தவன் என்று சொல்லித்தான் வேலை கேட்பேன்.

உன் வேலையைக் கெடுத்தவனும்,
உன் பெயரைக் கெடுக்க விடாதவனுமான
உன் மச்சான்
சூசை