அம்மனின் கீழ்ப்பாதி

நேற்று உன் மகன் வந்து உன் பழைய பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தான். "இத்த உங்க கையிலதான் குடுக்கணும்னு அப்பா சாவுற வரிக்கும் சொல்லிக்கினே இருந்தாரு" என்றான். திறந்ததும் சாக்பீஸ் வாடை. அடியில், கசக்கிப் பிறகு நீவிவிட்ட ஒரு பழுப்புத் தாள். நான் கசக்கி எறிந்த தாள் அது.

பழவேற்காட்டு ஏரியோரப் பள்ளியில் அப்போது நாம் இரண்டே வாத்தியார்கள். ஆடி மாதம் பெரியபாளையம் போய்வந்த நீ, பவானி அம்மன் படத்தை ஒன்றாம் வகுப்புச் சுவரில் மாட்டினாய். பார்த்து வரையச் சொல்லிக் கரித்துண்டும் மஞ்சள்பொடியும் கொடுத்தாய். படத்தில் அம்மன் இடுப்புவரைதான். "மீதி எங்கடா கீது?" என்று பிள்ளைகளைச் சீண்டினாய்.

"தண்ணிக்குள்ளாற கீது சார்" என்றாள் ஒரு மீனவச் சிறுமி. முந்தைய மாதம்தான் அவள் அப்பாவின் படகு கவிழ்ந்திருந்தது. உடல் கிடைக்கவில்லை. அவள் அம்மா பொட்டை அழிக்க மறுத்து, கரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சிறுமி தண்ணீருக்கடியில் அம்மனின் மடியை வரைந்தாள். மடியில் கட்டம்போட்ட லுங்கியோடு அவள் அப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மன் படத்தில் பிணமா? குறுக்கே கிழித்தேன். மேல்பாதி அம்மனாயிற்றே என்று பயந்து ரிஜிஸ்டருக்குள் வைத்தேன். கீழ்ப்பாதியைக் கசக்கி எறிந்தேன். என் பக்தியும் இடுப்புவரைதான்.

மறுநாள் அந்த அம்மா வந்து நின்றாள். "எம் புருசன் அம்மன் மடியில கீறமாரி பொண்ணு வரைஞ்சிதாமே. ஒரு தபா காட்டு சார். பாத்துட்டா எழுந்து ஊட்டுக்குப் போயிடுவேன்."

"படமா? அப்படி ஒண்ணும் இல்லம்மா" என்றேன். நீயும் பக்கத்தில்தான் நின்றாய். அவள் போனபிறகு, "இன்னாத்துக்குபா அப்படிச் சொன்னே?" என்று மட்டும் கேட்டாய். அவள் மறுபடியும் கரைக்குத்தான் போனாள். இரண்டு மழைக்காலம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஆள் இல்லை.

அன்றைக்கே இந்தத் தாள் உன் சட்டைப்பையில் இருந்திருக்கிறது, இல்லையா? காட்டினால் நான் பொய்யன் என்று தெரிந்துவிடும். அதற்காக மறைத்தாய். என் மானம் தப்பியது; அவளை நாம் இருவருமாகக் கைவிட்டோம். ஒருநாள்கூட என்னிடம் இதைப் பேசாமல் எப்படி இருந்தாய்?

மேல்பாதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தூக்கிப் போட ஒருநாளும் மனம் வரவில்லை. இன்று காலை இரண்டையும் மேசைமேல் சேர்த்துவைத்தேன். அந்தப் பிள்ளை அம்மனின் கண்களைக் கீழ்நோக்கி வரைந்திருக்கிறாள். இவ்வளவு காலம் அது எனக்குத் தெரியவில்லை. அம்மன் குனிந்து அந்த லுங்கிக்காரரைத்தான் பார்க்கிறாள்.

இதைத்தான் அந்த அம்மா ஒரு தபா காட்டச் சொன்னாள்.