கேன் தண்ணீர்

வேலூர்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள சஹர்,

போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய், கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன். ஏப்ரலில் ஹைதராபாத் மருந்துக் கம்பெனியில் சேரப் போகிறாயாம். யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நம் கட்டுரைச் சோதனையைத் திரும்பச் செய்கிறேன். அதே கருவி, பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடும் அதே லிக்னோகெய்ன், கூடவே உப்பு. இரண்டையும் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில், கரைந்த அளவோடு ஒப்பிட்டால், மின்கடத்தல் திடீரென்று ஏறியதே, அதற்காகத்தானே கட்டுரையை ஏற்றார்கள்? ஆறு முறை பார்த்துவிட்டேன், அந்த ஏற்றம் வரவில்லை. என்ன தப்பு செய்கிறேன்? ஒருநாள் லேபுக்கு வந்து பாரேன்.

அன்புடன்,
இவாஞ்சலின்


ராணிப்பேட்டை
9 பிப்ரவரி

அன்புள்ள இவா,

அப்பாவுக்கு மூட்டுவலி. பேட்டரிக் கடையை நான்தான் பார்க்கிறேன், அதனால்தான் போன் எடுப்பதில்லை. நீ எப்போதும் அவசரக்காரி. கருவியைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டாய். அச்சாகிவிட்டதைப் போய் ஏன் கிளறுகிறாய்? அந்த ஒரு கட்டுரையை நம்பித்தான் எனக்கு வேலை. பேஜார் பண்ணாதே.

அம்மா செய்த மக்கன் பேடா அனுப்பியிருக்கிறேன்.

உன்
சஹர்


வேலூர்
17 பிப்ரவரி

சஹர்,

பேடாவை லேப் உதவியாளர் பெருமாள் அண்ணனுக்கும் கொடுத்தேன். தின்றுகொண்டே சொன்னார்: “சஹரம்மா நல்லவங்க. தண்ணி காய்ச்சுற மிஷின் ரெண்டு வாரம் படுத்துக்கினப்போ, அவங்க கடையிலருந்து கேன் கேனா எடுத்தாந்தாங்களே.”

பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர், லேபில் காய்ச்சி வடிக்கும் தண்ணீர் அளவுக்குச் சுத்தமில்லை. அந்த ஏற்றம் மருந்தால் வந்ததில்லை, உன் கேனால் வந்தது. என் முதல் கடிதத்தைப் படித்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் எனக்குக் கழுவத் தெரியாது என்று எழுதினாய். அதுதான் வலிக்கிறது.

ஆனால் தினமும் வெறும் தண்ணீரை அளந்து, கணக்கில் கழிக்க வேண்டியது நான். அந்த இரண்டு வாரமும் அளக்கவே இல்லை. பழைய எண்ணையே நோட்டில் எழுதிவைத்தேன்.

பத்திரிகைக்கு எழுதிய திருத்தக் கடிதம் இதோடு இருக்கிறது. தண்ணீரை நான் அளக்கவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறேன், கேனைப் பற்றி ஒன்றுமில்லை. இருவரும் கையெழுத்திட்டால்தான் செல்லும். மாதக் கடைசிவரை பார்ப்பேன்.

இவாஞ்சலின்


ராணிப்பேட்டை
26 பிப்ரவரி

அன்புள்ள இவா,

உன் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. கிழித்துவிட்டேன்.

ஒரு வாரமாகக் கடையில் யாராவது கேன் கேட்டால் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். மிஷின் சரியாகும்வரை காத்திருக்க அன்று எனக்குப் பொறுமையில்லை. அந்த நான் உன்னை அவசரக்காரி என்றேன். மன்னித்துவிடு.

வேறு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கேன் முதல் வரியில், உன் நோட்டு இரண்டாவது வரியில். என் கையெழுத்துக்குக் கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறேன். ஹைதராபாத்துக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டேன். அங்கிருந்து பதில் இல்லை, வரும் என்றும் தோன்றவில்லை.

ஏப்ரலில் எனக்குப் போக இடமிருக்காது. உன் லேபில் ஒரு ஸ்டூல் கிடைக்குமா? தண்ணீரை நான் அளக்கிறேன், நீ பக்கத்தில் நின்று பார்.

இது கிடைத்ததும் போன் செய். எடுக்கிறேன்.

உன்
சஹர்