வெல்லம் போடாத பச்சடி

இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமையும் தமிழ் வருஷப் பிறப்பும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன.

"ஆண்டவர் செத்த நாள்ல பாயசமா?" என்று ஜெரால்டு முந்தின நாள் கேட்டான்.

"வருசம் பொறக்கிற நாள்ல மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கஞ்சியா?" என்று அவன் மனைவி மேகலாவும் விடவில்லை. அதோடு அந்தச் சாந்தோம் வீட்டில் பேச்சு நின்றுபோனது.

காலையில் அவன் மாதா கோயிலுக்குப் போனதும், மேகலா காலண்டரில் பங்குனியின் கடைசித் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினாள்.

"சைதாப்பேட்டைல எங்கம்மா வீட்டுக்குப் போறேன். கஞ்சி குக்கர்ல கீது. துவையல் மூடி வச்சிருக்கேன். சிலுவைப்பாதை முடிஞ்சி உங்க அக்காவும் உங்க கூட வந்தா, நம்ம சண்டையெல்லாம் அவங்ககிட்ட ஒளறாதீங்க."

கையெழுத்துப் போட்டு, தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுச் செருப்பையும் மாட்டிக்கொண்டாள். அப்படியே நின்றாள். தவக்காலம் தொடங்கியதிலிருந்து அவன் டீக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. விடியற்காலையில் மாங்காய்ப் பச்சடி கிளறும்போது அது நினைவுக்கு வந்துதான், வெல்லத்தை எடுத்த கை அப்படியே நின்றது.

திரும்பி வந்து, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"கிண்ணத்துல பச்சடி கீது. மாங்காயும் வேப்பம்பூவும் மட்டும்தான். நானும் அப்படியேதான் சாப்ட்டேன். வெல்லத்த ஈஸ்டர் அன்னிக்குப் போட்டுக்கலாம். நம்ம வீட்டுக்கு வருசம் அன்னிக்கே பொறக்கட்டும்."