அண்ணியின் கண்ணில் விழாத சொட்டு

அண்ணி,

போன ஞாயிற்றுக்கிழமை லுக்குட்டில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண், கண்ணிமையில் பொய்முடி ஒட்டியிருந்தாள். அவள் குனிந்து சந்தனக் கிண்ணத்தை நீட்டியபோது அந்தக் கருத்த நீள முடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். "என்ன, பேயப் பாத்த மாதிரி நிக்கிற?" என்றார் பின்னால் வந்த என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி. எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது என்று அவரிடம் சொல்லவில்லை. அறுபத்தெட்டு வயதில் உங்களுக்கு இமைமுடி அப்படித்தான் வளர்ந்தது. கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்து, "எனக்கு என்னமோ செய்றாங்க" என்றீர்களே.

உங்களுக்கு எதிலும் சந்தேகம்தான். பெடாஸ் பக்கத்து எஸ்டேட்டின் ஆயாக்கொட்டகையில் இருபது வருடம், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள். எந்தப் பிள்ளை எதை வாயில் போட்டது என்று பார்த்துப் பார்த்தே அந்தக் குணம் வந்திருக்கும். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, கல்யாணமே செய்துகொள்ளாத நீங்கள் தம்பி வீட்டுக்கு வந்தீர்கள். மீன்காரரின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றால் ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்ப்பீர்கள். நான் வைக்கும் ரசத்தையும் முதலில் மோந்துதான் பார்ப்பீர்கள். உங்களோடு ஒரே வீட்டில் இருப்பது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. இப்போது சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

வாசல் கேட்டுக் கம்பியில் இரண்டு முறை தோளை இடித்துக்கொண்டீர்கள். மூன்றாவது முறை, இடப்பக்கமாக வந்த மோட்டாரைப் பார்க்காமல் ரோட்டில் காலை வைத்தீர்கள். அதற்குப் பிறகுதான் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டது, இடது கண்ணில் ஓரப்பார்வை போய்விட்டது, போனது திரும்பாது என்றார் டாக்டர். இருப்பதைக் காப்பாற்ற ஒரு மருந்து காலையும் மாலையும், இன்னொன்று மாலையில் மட்டும், வாழ்நாள் முழுக்க.

வீட்டுக்கு வரும் வழியில் நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "கண்ணு வலிக்கல, எரியல. இந்த மருந்தப் போட்டாத்தான் எரியுது. அப்ப எதுலா நோயி?"

அன்றிலிருந்து நான்தான் உங்களுக்கு மருந்து போட்டேன். மருந்து போடப் போடக் கண் சிவந்தது, இமை கருத்தது, முடி நீண்டது. அந்த மருந்துக்கு அப்படி ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். ஒருநாள் என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு, "இனிமே நானே போட்டுக்குவேன். நீ என்ன ஊத்துறன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றீர்கள். அன்று நான் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

அடுத்த முறை அளந்தபோது அழுத்தம் குறையவில்லை. அதற்கடுத்த முறை கூடியிருந்தது. டாக்டர், "ஒழுங்கா போடுறாங்களா?" என்று என்னைத்தான் கேட்டார். நீங்கள் முந்திக்கொண்டு, "ஒரு நாள் விடல" என்றீர்கள்.

அதற்குப் பிறகு சந்தேகப்படுவது என் முறை. நீங்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மருந்து போடுவீர்கள். நான் வெளியே காது வைத்து நிற்பேன். நீங்கள் குளிக்கப் போனதும் பாட்டிலை எடுத்துக் குலுக்கிப் பார்ப்பேன். மாதம் முடியும் முன்பே அது காலியாகிவிடும். கண்ணுக்குப் போகவில்லை, பாட்டிலிலும் இல்லை என்றால் எங்கே போகிறது? கீழே ஊற்றுகிறீர்கள் என்று நானே முடிவுகட்டினேன். உங்கள் தலையணை உறையில் ஈரத்திட்டைப் பார்த்த அன்று பொறுமை போய்விட்டது.

"போடப் பிடிக்கலன்னா சொல்லிடுங்க அண்ணி. ஏன் ஊத்திட்டுப் பொய் சொல்றீங்க?"

நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. உங்கள் சோற்றை நீங்களே போட்டு, அடுப்படிக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். உங்கள் தம்பி யார் பக்கமும் பேசாமல் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார். நானும் இறங்கிவரவில்லை. பொய் சொன்னது நீங்கள்தானே என்று வீம்பாக இருந்தேன்.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரி. அன்று இருந்த மிஸ்ஸி, அந்த நர்ஸ், சின்ன வயசுத் தமிழ்ப்பெண். அவள் கேள்வியே கேட்கவில்லை. பாட்டிலை உங்கள் கையில் கொடுத்து, "வீட்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே போட்டுக் காட்டுங்கம்மா" என்றாள்.

நீங்கள் தலையை அண்ணாந்தீர்கள். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன, பாட்டில் ஆடியது. முதல் சொட்டு புருவத்தில் விழுந்தது. இரண்டாவது மூக்கின் மேல். மூன்றாவது விழும் முன்பே கண்ணை இறுக மூடிக்கொண்டீர்கள், அது கன்னத்தில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. துண்டால் ஒற்றிக்கொண்டு, "போட்டாச்சு" என்றீர்கள்.

ஒரு நாள் விடவில்லை என்று நீங்கள் சொன்னது அத்தனையும் நிஜம். சரியாக விழவில்லையோ என்று மறுபடி மறுபடி பிழிந்ததால்தான் பாட்டில் சீக்கிரம் தீர்ந்திருக்கிறது. மிஸ்ஸி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அவளே உங்களைப் படுக்கவைத்து எனக்குக் காட்டினாள். கீழிமையை மெல்ல இழுத்தால் ஒரு சின்னப் பை போல விரியும், அதில் ஒரே ஒரு சொட்டு. பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி. முடி வளர்வதும் இமை கருப்பதும் இந்த மருந்தின் குணம் என்று அவள் சொன்னதும், "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னவாம்?" என்று அவளிடமே சண்டைக்குப் போனீர்கள். அன்று காரில் என்னிடம் பேசினீர்கள். "நாளைலருந்து நீயே போடு. ஆனா பாட்டிலக் காட்டிட்டுப் போடணும்."

அப்படித்தான் நடந்தது. மாலையில் மட்டும் போடும் பாட்டிலுக்கு அடையாளமாக ரப்பர் வளையம் சுற்றிவைத்தேன். அதைத் தடவிப் பார்த்த பிறகே படுப்பீர்கள். "கை கழுவுனியா?" என்பீர்கள், ஈரக்கையைக் காட்டினாலும் சோப்பு வாசம் வருகிறதா என்று மோந்து பார்ப்பீர்கள். நான் நாள்காட்டியில் குறித்தால், நீங்கள் உங்கள் அறையில் தனியாக இன்னொன்றில் கரிக்கோடு போடுவீர்கள். ஒருமுறை என்னுடையதில் குறி இருந்தது, உங்களுடையதில் இல்லை. நான் காலையிலேயே மாலைக்கும் சேர்த்துக் குறித்துவிட்டு, பிறகு மறந்தே போயிருக்கிறேன். "யாரு பொய் சொல்றா இப்ப?" என்றீர்கள். நான் எட்டு நாள் கோபித்துக்கொள்ளவில்லை, அண்ணி. அதற்கு எனக்குத் தகுதி இல்லை.

அழுத்தம் இறங்கியது. வலது கண் தப்பியது. அப்புறம் உங்கள் சந்தேகம் தம்பி மேல் திரும்பியது. "சாப்புடறப்போ பக்கத்துல இருக்கிற தண்ணியத் தட்டி விடுறான் பாரு. எங்கப்பாவும் கடைசில அப்படித்தான். இவனக் கூட்டிட்டுப் போ" என்றீர்கள். அவர் சிரித்தார். தினமும் தம்பின் ஊருக்கு லோரி ஓட்டுகிறவனுக்குக் கண் தெரியாதா என்றார்.

மறுநாள் நான் பாட்டிலோடு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டீர்கள். "அவன் போய்ட்டு வரட்டும். அது வரைக்கும் என் கண்ணத் தொடாத."

கெஞ்சினேன், திட்டினேன். இரண்டு நாள் நீங்கள் அசையவில்லை. கண்ணின் அருமை தெரிந்த நீங்கள் முழுசாக மிச்சமிருந்த அந்த ஒரு கண்ணைப் பணயம் வைத்தது எனக்குப் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் அவர் லீவு எடுத்துக்கொண்டு சிரம்பான் போனார். சாயங்காலம் வந்து உங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் இருக்காம்க்கா. ஆரம்பம்தானாம், சீக்கிரமே வந்துட்டீங்கன்னு சொன்னாரு டாக்டரு."

நீங்கள் அழவில்லை. என்னைப் பார்த்து, "இப்ப போடு" என்று படுத்துக்கொண்டீர்கள்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. நெஞ்சுவலி என்று சொல்லி ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. அன்று காலையில்கூட என் சேலையில் ஒட்டியிருந்த ஒரு நூலைப் பார்த்து எடுத்துப் போட்டீர்கள், அந்த வலது கண்ணால். பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொன்னதற்கு மட்டும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அது என்னிடமே தங்கிவிட்டது.

இப்போது உங்கள் தம்பி தானே மருந்து போட்டுக்கொள்கிறார். "போட்டேன்லா" என்று அறைக்குள்ளிருந்தே குரல் கொடுப்பார். அவர் பொய் சொல்ல மாட்டார், எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து போய் நிற்பேன். "அக்கா மாதிரியே ஆயிட்டே நீ" என்று முறைப்பார். முறைத்தாலும் நான் நகர்வதில்லை. சொட்டு உள்ளே விழுந்ததை என் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுப்படிக்குத் திரும்புகிறேன்.