டூப்ளிகேட் சாவி

ஜூலை 13, ஞாயிறு

சைனிக்புரி காலனி கம்ப்யூட்டர் கிளப்பில் நான்கு மாதமாகக் கத்தியதெல்லாம் வீண். பழைய கணினிகளில் லினக்ஸ் ஏற்றினேன். கடவுச்சொற்களைப் பூட்டிவைக்க ஒரு கட்டற்ற மென்பொருளும் போட்டுக் கொடுத்தேன். யாரிடமும் சொல்லாதீர்கள், பிறந்த தேதியை வைக்காதீர்கள் என்று வாராவாரம் சொல்லித் தொண்டை வறண்டது.

இன்று கிளப் செயலாளர் தனபால் பெருமையாக ஒரு ரிஜிஸ்டரை நீட்டினார். ஓய்வுபெற்ற ராணுவ சுபேதார்; பேச்சில் தக்கணி உருது கலந்திருக்கும். உறுப்பினர் பெயர், வீட்டு எண், கடவுச்சொல், கையெழுத்து என்று சிவப்பு மையில் கட்டம் போட்டிருந்தார். வாட்ச்மேன் அறையில் ஆணியில் தொங்குமாம்.

"என்ன சார் இது?"

"அரே சார், ஆர்மி யூனிட்ல டூப்ளிகேட் சாவியெல்லாம் செக்யூரிட்டி கார்டு ரூம்லதான இருக்கும்? மறந்துட்டா கைக்கு, எதுக்குப் பூட்டை உடைக்கணும்?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். புரட்டினேன். நாலாம் பக்கத்தில் என் பெயர், எதிரே மகள் பிறந்த தேதி. என் கடவுச்சொல்லேதான். கையெழுத்து மட்டும் என் மனைவி கமலாவுடையது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாற்றினேன். பிறகு கமலாவிடம் கத்தினேன். அவள் அசையவில்லை.

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எதைத் திறந்து என்னத்தப் பாக்குறது? புதுசு என்னன்னு சொல்லுங்க. காலையில ரிஜிஸ்டர்ல திருத்தணும்."

போன மாதம் என் ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட் வந்ததிலிருந்தே இப்படித்தான் பேசுகிறாள்.

எழுத்தெழுத்தாகச் சொன்னேன். காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.