ஆத்தா ஊசி போட்டுக்கொண்டவருக்கு

இன்று மதியம் அத்தைக்காக வாங்கிய மெத்தை தி. நகர் கடையிலிருந்து வந்து இறங்கியது. சுற்றிலும் கெட்டியான பிளாஸ்டிக் உறை. தூக்கி வந்தவர், "கவரைப் பிரிக்காதீங்கக்கா, அப்படியே போட்டுக்கினா அழுக்காவாது" என்றார். அந்த வாடை மூக்கில் ஏறியது. அவர் படி இறங்குவதற்குள் கத்தியை எடுத்து உறையைக் கிழித்துப் போட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார், நினைத்துக்கொள்ளட்டும். உங்களை அந்த வாடையோடுதான் என்னிடம் தந்தார்கள்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நேரில் கேட்க ஆளில்லாததால் எழுதுகிறேன்.

நமக்குக் கல்யாணமான புதிது. வடபழனியில் சினிமாவுக்கு லைட் போடும் உங்கள் கூட்டாளி எய்ட்ஸில் செத்துப்போய், நீங்கள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்த நாட்கள். எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கிறார்கள், போட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆட்கள் வேண்டுமாம் என்று யாரோ சொல்ல, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பேர் கொடுத்துவிட்டு வந்தீர்கள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். நீங்கள் பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னீர்கள்.

"அம்மைக் கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமி ஒண்ணு கீது. அது பல்லைப் புடுங்கி வெச்சிட்டாங்க, நம்மளை ஒண்ணும் பண்ணாது. அதுமேல எச்.ஐ.வி.யோட சட்டையை மட்டும் மாட்டி உள்ள அனுப்புவாங்க. திருடன் வரமாட்டான், அவன் சட்டைதான் வரும். ஒடம்பு அதைப் பார்த்து வெச்சிக்கினா, நெஜத் திருடன் வரும்போது புடிச்சிரும். எவனாவது கை நீட்டினாத்தானே இதுக்கு ஒரு வழி பொறக்கும்?"

நான் பாதி நம்பினேன். உங்களைப் பெற்ற அத்தையின் காதில் 'அம்மை' என்பது மட்டும்தான் விழுந்தது. "ஆத்தாவையாடா ஊசில ஏத்திக்கினு வந்துகீற?" என்று கேட்டவர், அடுத்த வேலையாக வாசலில் வேப்பிலை செருகினார். வீட்டில் தாளிக்கக் கூடாது, கறி மீன் கூடாது. ஊசி போட்ட கை லேசாக வீங்கியதும், "பாரு, இறங்கிட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். குளுகுளுவென்று கூழ் கரைத்துக் கொடுத்தார். கோட்டூர்புரத்தில் நம் பிளாக் முழுக்க நம் வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது. நீங்கள் வேப்பிலைமேல் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தத் தடுப்பூசி தேறவில்லை. ஆபத்தில்லை, ஆனால் எதிர்பார்த்த பலனும் இல்லை என்று சொல்லி மூட்டை கட்டிவிட்டார்கள். "இது ஆவாதுன்னாவது தெரிஞ்சிதுல்ல" என்றீர்கள். போகும்போது ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். சில பரிசோதனைகளில் உங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதுபோலவே காட்டலாம், அப்போது இந்த அட்டையைக் காட்டுங்கள் என்று. வெள்ளம் புகுந்த வருஷம் பீரோவோடு அதுவும் ஊறிக் கூழாயிற்று. வேறு அட்டை கேட்கலாமென்று ஃபோன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஊசிக்குக் கூப்பிட்ட நாட்களில் நாளைக்கு நாலு தரம் அவர்களே ஃபோன் செய்வார்கள்.

போன ஐப்பசியில் அடையாறில் ஒரு மாடி வீட்டில் ஒயரிங் வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடனே அடைப்பை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது எல்லார் முகமும் மாறியிருந்தது. உங்களைக் கடைசி அறைக்குத் தள்ளினார்கள். அந்த நிலையிலும் நீங்கள் மூச்சு வாங்க வாங்க, "அது சட்டைங்க, திருடன் இல்ல" என்று விளக்கினீர்கள். "வந்தவங்க எல்லாம் இப்படி ஒரு கதை சொல்றாங்க" என்றார் டாக்டர். கிருமியையே நேராகத் தேடும் வேறு பரிசோதனை இருக்கிறது, அதை எடுங்கள் என்று கெஞ்சினேன். எடுக்கலாம், முடிவு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். நெஞ்சு வலி அதற்குக் காத்திருக்குமா? விளக்கு வைக்கும் நேரத்தில் போய்விட்டீர்கள்.

இரண்டு சுற்று பிளாஸ்டிக். பிரிக்கக் கூடாது, நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். நான் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தேன். பிளாக் முழுக்கப் படியில் நின்றது, ஒருவரும் கிட்டே வரவில்லை. உங்கள் அண்ணன், "அப்படியே எடுத்துடலாம்மா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவருக்கு அந்த நோய் இல்ல!" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கத்தினேன். உங்களைக் குளிப்பாட்டாமல் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அத்தை உள்ளே போய் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு வந்தார். "ஆத்தா எறங்கின ஒடம்பு. தலைக்கு ஊத்தாம அனுப்பக் கூடாது. நீ பிரிடி" என்றார். நான் பிரித்தேன், அவர் ஊற்றினார். உங்களைப் புரட்ட எங்கள் இரண்டு பேருக்கும் பலம் போதவில்லை. முதுகில் தண்ணீர் சரியாகப் படவில்லை.

அத்தைக்குப் புரிந்ததெல்லாம் தப்பு. ஆனால் படித்த டாக்டர் வரவில்லை, கூடப்பிறந்த அண்ணன் வரவில்லை, அவர்தான் வந்தார். ஒரே கையில் போட்ட ஒரே ஊசி. ஒரு கிருமிக்காகச் செருப்பைக் கழற்றினார்கள், இன்னொன்றின் சட்டைக்காகப் பிணத்தைக்கூடத் தொடவில்லை.

போன வாரம் உங்கள் அண்ணி வந்தார். காபி கொடுத்தேன். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "தப்பா நினைக்காத. நீ ஒரு டெஸ்ட் எடுத்து எல்லாருக்கும் காட்டிடேன். ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா பழையபடி வந்து போவாங்க. தம்பி பேரும் சுத்தமாயிடும்" என்றார்.

நான் எப்போதோ எடுத்துவிட்டேன். எனக்கு ஒன்றுமில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வேறொன்று வந்தது.

"அவருக்கு நெஜமாவே இருந்திருந்தா?"

"இன்னா சொல்ற?"

"நெஜமாவே அந்த நோய் இருந்திருந்தா, அந்தக் கவரோட கொளுத்தியிருக்கலாமாக்கா?"

அவர் காபியைத் தொடாமலேயே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். ஆறிப்போன காபியை நானே எடுத்துக் குடித்தேன்.

உங்களுக்கு அந்த நோய் இல்லை என்று இனிமேல் நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.