மெஷின் ஓடும்போது பேசியவை

என் செல்லப் பேத்திக்கு,

உன் பாட்டி தன் கையால் எழுதும் கடிதம். இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

தினமும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற கிழவிக்குத் திடீரென்று என்ன பேனா ஆசை என்று கேட்பாய். ஆசை இல்லை கண்ணு, பயம். போன் ரிப்பேர் என்று பக்கத்துக் கடைக்காரரை விட்டு உனக்குச் சொல்லச் சொன்னேனே, அது பொய். போன் நன்றாகத்தான் இருக்கிறது. அதைக் கோர்ட் கேட்கிறது. இந்தக் கடிதத்தை நீ வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்து முகவரிக்கு அனுப்புகிறேன். பழைய வீட்டு முகவரிக்குப் போட்டால் யார் கையில் விழும் என்று உனக்கே தெரியும்.

பதறாதே. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, என் மேல் யாரும் கேஸ் போடவில்லை. கேஸ் பக்கத்து வீட்டு டீச்சருக்கும் நம் மாடிக்குக் கீழே லேத் பட்டறை வைத்திருக்கிறவருக்கும். சாயங்காலம் இருட்டின பிறகு மெஷின் ஓடக்கூடாது என்று அவருக்கு முன்பே ஓர் உத்தரவு இருக்கிறதாம். ஓட்டுகிறார், சுவர் விரிசல் விட்டுவிட்டது, படுத்த படுக்கையாக இருக்கும் தன் வீட்டுக்காரருக்குத் தூக்கம் இல்லை என்கிறாள் டீச்சர். சத்தியமாக ஓட்டவே இல்லை என்கிறார் பட்டறைக்காரர். அவர் அப்படிச் சத்தியம் செய்கிற நேரத்தில் நம் அலமாரியில் டம்ளரெல்லாம் ஆடிக்கொண்டிருக்கும்.

இந்தச் சண்டையில் நான் யார்? மூன்றாம் மனுஷி. மாடியில் குடியிருக்கிறவள், அவ்வளவுதான். ஆனால் டீச்சர் தன் வாக்குமூலத்தில் என்னை இழுத்துவிட்டாள். மாடி வீட்டுப் பாட்டி தினமும் பொழுது சாய்ந்ததும் பின்பக்கப் படியில் நின்று பேத்திக்குப் பேசி அனுப்புவார், அந்தப் பேச்சில் மெஷின் சத்தம் கட்டாயம் விழுந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறாள். அவள் வக்கீல் உடனே ஒரு காகிதம் அனுப்பிவிட்டார். நான் உனக்கு அனுப்பியது, நீ எனக்கு அனுப்பியது, கடந்த ஒரு வருஷத்துக் குரல் பதிவு அத்தனையும் வேண்டுமாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் அந்தக் காகிதத்தை ஓர் எழுத்து விடாமல் நானே படித்தேன். புரியவில்லை என்றால் அது என் படிப்பின் குறை இல்லை, எழுதினவரின் குறை. உன் அப்பாவுக்கும் புரிய நேரமாயிற்று.

நான் ஏன் அந்தப் படியில் போய் நின்றேன் என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வீட்டுக்குள் பேசினால் ஒரு சுவர் தாண்டி உன் அப்பா. நீ உன் புருஷன் வீட்டை விட்டு வெளியே வந்ததையும், அவன் உன்னைக் கை நீட்டி அடித்ததையும், உன்னோடு வேலை செய்கிற பெண்ணோடு நீ இப்போது ஓர் அறையில் இருப்பதையும் நடுக்கூடத்தில் உட்கார்ந்தா பேச முடியும்? உன் அம்மா இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பாய். இல்லாததால் பாட்டியிடம் சொன்னாய். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், அதுவரை வாயைத் திறக்காதே பாட்டி என்று கேட்டுக்கொண்டாய். திறக்கவில்லை. இனியும் திறக்க மாட்டேன்.

அந்தக் காகிதம் வந்த அன்று சாயங்காலமே பட்டறைக்காரர் கறுப்புக் கையைத் துடைத்துக்கொண்டே மாடி ஏறி வந்தார். பெரியம்மா, உங்க வீட்டுப் பேச்சைக் கேக்க அவங்க யாரு, ஒண்ணும் குடுக்காதீங்க, நான் உங்க பக்கம் என்றார். எனக்கும் தெம்பு வந்தது. அடுத்த வாரம் அவருடைய வக்கீல் அவர் காதில் என்ன ஓதினாரோ, மறுபடி ஏறி வந்தார். பெரியம்மா, எல்லாத்தையும் குடுத்துடுங்க, பாதி மெசேஜ்ல சத்தமே இருக்காது, அப்ப நான் ஜெயிச்சிடுவேன் என்கிறார். முதலில் ஒருத்தி கேட்டாள். இப்போது இரண்டு பக்கமும் கேட்கிறார்கள். வாசலில் ஒருத்தர், கொல்லையில் ஒருத்தர். நான் எந்தப் பக்கம் போவது?

உன் அப்பா எனக்கென்று ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறான். மூக்குக்கண்ணாடி போட்ட சின்னப் பெண், நான் அவளைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடுகிறேன், அவளும் ஏன் என்று கேட்கவில்லை. கேஸில் சம்பந்தப்படாதவரிடம் இப்படி வாரிக்கொண்டு கேட்கக்கூடாது, ஆட்சேபணை சொல்லலாம் என்றாள். அதற்கு முன்னால் எதிர்ப்பக்கத்தோடு உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டுமாம், நீதிபதி முதலில் அதைத்தான் கேட்பாராம். போய் உட்கார்ந்தோம். டீச்சரின் வக்கீல் அறையில் நாற்காலியெல்லாம் கேஸ் கட்டு, நான் ஒரு கட்டின் மேல்தான் உட்கார்ந்தேன். அவர் தேன் மாதிரிப் பேசினார். பாட்டிம்மா, குடுக்க இஷ்டமில்லைன்னா வேண்டாம், ஆனா எதைக் குடுக்க மாட்டீங்க, எதுக்காக மாட்டீங்கன்னு சொல்லணும் என்றார்.

குடும்ப விஷயம் என்றேன்.

என்ன குடும்ப விஷயம் என்று கேட்டது வக்கீல் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அப்பா. நான் கேக்கக்கூடாதபடி உனக்கும் அவளுக்கும் நடுவுல என்னம்மா இருக்கு என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். சிரிப்பு பாதியில் நின்றது.

பார்த்தாயா கண்ணு. மறைப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. பொம்பளைங்க பேச்சுடா, முழங்கால் வலி, மூலம், அதையெல்லாம் உனக்கு வாசித்துக் காட்டவா என்று அதட்டினேன். அந்த வக்கீல்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்குத் தப்பித்தேன். பேச்சு முடியாததால் விஷயம் நீதிபதியிடம் போகிறது. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

உன் மேல் உயிரை வைத்திருக்கும்,
பாட்டி


என் தங்கத்துக்கு,

உன் பதில் கிடைத்தது. தண்ணீர் பட்டு மை கலைந்திருந்த இடங்களையும் படித்தேன். இனி அழாதே. நீ அழ வேண்டியதெல்லாம் அந்த வீட்டிலேயே அழுது முடித்துவிட்டாய்.

எல்லாவற்றையும் அழித்துவிடு பாட்டி என்று எழுதியிருந்தாய். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்பது போலக் கண்ணாடியிடம் கேட்டுப் பார்த்தேன், இப்படி ஒரு காகிதம் வந்த பிறகு ஒருத்தி அழித்துவிட்டால் என்ன ஆகும் என்று. அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அந்த ஒருத்தி யாரா இருந்தாலும், போனைத் தொடாம இருக்கச் சொல்லுங்க பாட்டி என்றாள். அழித்தால் அதுவே குற்றமாம். அதுவும் போகட்டும், நான் ஜெயிலைப் பார்த்துப் பயப்படுகிறவள் இல்லை. என்னிடம் இல்லாவிட்டால் உன்னிடம் கேட்பார்களாம். நீ வந்து கூண்டில் ஏறி உன் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் போனை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். கொடுக்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை.

விசாரணைக்குப் போய் வந்தேன். நீளமான அறை, மேலே சுற்றுகிற மின்விசிறியின் சத்தத்தில் பாதிப் பேச்சு விழாது. டீச்சர் முன்வரிசையில், பட்டறைக்காரர் ஜன்னல் ஓரம், உன் அப்பா கடைசி பெஞ்சில். டீச்சரைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். உன் அம்மா போனபோது நம் வீட்டில் அடுப்பு மூட்டியது அவள்தான். ஆனால் அவள் காதில் விழுந்தது தெருவில் விழாமல் இருந்ததில்லை. அதுதான் எனக்குப் பயம்.

நீதிபதி நல்ல மனுஷர். ஒரு மெஷின் ஓடிச்சா ஓடலையான்னு தெரிஞ்சுக்க ஒரு குடும்பத்தோட ஒரு வருஷப் பேச்சு எதுக்கு என்று டீச்சரின் வக்கீலை ஒரு பிடி பிடித்தார். இரண்டு பேர் சண்டைக்கு மாடியில இருக்கிறவங்களைக் குடைஞ்செடுப்பீங்களா என்றார். கண்ணாடி என் கையைப் பிடித்து அழுத்தினாள். திரும்பிப் பார்த்தேன், உன் அப்பா எனக்குத் தலையாட்டினான். எனக்குப் பல நாளைக்குப் பிறகு மூச்சு வந்தது.

அப்புறம் நீதிபதி சொன்னார், எல்லாம் வேண்டாம், மெஷின் சத்தம் கேட்கிற பதிவுகளை மட்டும் கொடுத்தால் போதும். எல்லாருக்கும் சந்தோஷம். டீச்சரின் வக்கீல் தலைவணங்கினார், பட்டறைக்காரரின் வக்கீலும் சரி என்றார், கண்ணாடி ஜெயித்துவிட்டோம் பாட்டி என்று என் காதோரம் சொல்கிறாள். எனக்குக் காலுக்குக் கீழே தரை இல்லை.

கூடத்தில் உட்கார்ந்து உனக்குச் சமையல், சளி, மழை என்று பேசியதில் எல்லாம் ஒரு சத்தமும் இருக்காது. ஊருக்கே போட்டுக் காட்டலாம். மெஷின் சத்தம் இருப்பதெல்லாம் படியில் பேசியவை. அந்தச் சத்தத்தை நம்பித்தானே அங்கே போய் நின்றேன். அவர் மெஷினைப் போடுகிறவரைக்கும் காத்திருந்து, போட்டாச்சு, இப்ப உங்கப்பனுக்குக் கேக்காது, நீ பேசி அனுப்பு என்று சொல்லித்தான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிப்பேன். உன் ரகசியத்தை எதனால் மூடினேனோ அதையே அவர்கள் தேடுகிறார்கள். நான் பொறுக்கி எடுத்துக் கட்டி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

என்னையும் அறியாமல் வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பாட்டி, உங்களுக்கு இதுல என்ன கஷ்டம், பயப்படாமச் சொல்லுங்க என்றார். நான் யாரிடமும் வாயடைத்து நின்றவள் இல்லை. ரேஷன் கடையிலும், ஆஸ்பத்திரியிலும், உன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரிடமும் எப்படிப் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். அங்கே நின்றேன். முன்னால் நீதிபதி, பக்கத்தில் டீச்சர், முதுகுக்குப் பின்னால் உன் அப்பா. எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னாலும் அது அவன் காதுக்குத்தான் போகும். 

அவருக்கு என்ன புரிந்ததோ. அந்தப் பதிவுகளை முதலில் தன் அறையில் தான் மட்டும் கேட்பதாகச் சொன்னார். கேஸுக்கு வேண்டாததை ஒதுக்கிவிடுவாராம். வேண்டியதை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் கொடுப்பாராம், வெளியே பேசக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு. மெஷின் போட்டாச்சு என்று நான் சொல்கிற வார்த்தையை எப்படி ஒதுக்குவார்? கேஸே அதில்தான் இருக்கிறது. அது அவர்கள் கைக்குப் போனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, உங்கப்பனுக்குக் கேக்காது என்பதும் போகும். எழுதிக் கொடுத்த கையெழுத்து டீச்சரின் வாயை எத்தனை நாள் கட்டும்?

பாட்டிக்குத் துணையாக வீட்டு மனுஷர் யாராவது உள்ளே வந்து உட்காரலாம் என்றும் சொன்னார். எல்லாரும் உன் அப்பாவைப் பார்த்தார்கள். அவன் எழுந்து நின்றான். நான் வரலைங்க, அம்மா பேசினது அம்மாவோட இருக்கட்டும், நான் வெளியில நிக்கிறேன் என்றான். அந்தக் குரலில் கோபமா, வேறு ஏதாவதா என்று பெற்ற எனக்கே பிடிபடவில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தான். இவன்தான் அந்த வரனை நாலு இடத்தில் விசாரித்துக் கொண்டுவந்தவன். என் மாப்பிள்ளை மாதிரி உண்டா என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன். உண்மை தெரிந்தால் உன்னைச் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவிடுவான் என்று நீ பயந்தாய். நானும் பயந்தேன். அவனைப் பெற்றவள் என்பதால் உன்னைவிட அதிகமாகவே பயந்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினவன் உள்ளே போகவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று கேட்டான். அவ இப்ப இருக்கிற எடத்துல கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் இருக்காம்மா என்று. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

இருக்கு என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். உனக்குக் கொடுத்த வாக்கை அந்த ஒரு வார்த்தையில் மீறிவிட்டேனோ என்று தெரியவில்லை. மீறியிருந்தால் மன்னித்துவிடு. அவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்வருகிறேன் என்று போனவன், கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தான்.

நீதிபதியின் அறைக்கு நான் போக வேண்டிய நாள் நெருங்குகிறது. என்னால் அதைத் தள்ளிப் போட முடியாது. உனக்குச் சொல்லித் தருகிற அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியவும் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஊரார் வாயிலிருந்து அவன் கேட்பதற்கு முன்னால், உன் வாயிலிருந்து கேட்கட்டும். என் மூலமாகக்கூட வேண்டாம். நீ சொன்னால்தான் அது நீ சொன்னதாக இருக்கும்.

காலையில் வேலைக்குக் கிளம்பிச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்ட பிறகும் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான். உன் பேரை மட்டும் தேடுகிறான், கூப்பிட மாட்டேன் என்கிறான். அவனுக்கும் பயம்தான் போலிருக்கிறது. நீ கூப்பிடும்மா. ஹலோ என்றுகூடச் சொல்ல வேண்டாம், அப்பா என்று மட்டும் சொல். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

நீ எந்த வாசலில் நின்றாலும் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் பாட்டி